பிஆர்பி போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 29 வயது. நான்கு வருடமாக முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சந்தலையிலும் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு 35 வயதிலேயே வழுக்கை. ஒரு கிளினிக்கில் காட்டினேன். எட்டு முறை பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) ஊசி போட்டால் போன முடி திரும்பி வந்துவிடும், உங்கள் ரத்தத்தையே எடுத்துப் போடுவதால் பக்கவிளைவே கிடையாது, மாத்திரை, மருந்து எதுவும் வேண்டாம் என்றார்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் சலுகையாம். வழுக்கைக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பற்றிப் படித்துப் பயந்துபோயிருக்கிறேன். என்னோடு வந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம். அவருக்கும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அவருக்கும் இதே ஊசியைத்தான் சொன்னார்கள். நாங்கள் இருவரும் போட்டுக்கொள்ளலாமா? ஆறு மாதத்தில் எனக்குத் திருமணம்.

பதில்: உங்கள் அக்காவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருக்கான பதில் சின்னது, நல்ல செய்தியும்கூட. அவருக்கு இப்போது இந்த ஊசி தேவையில்லை.

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருப்பதால், வழக்கமாக உதிர்ந்திருக்க வேண்டிய முடிகளும் உதிராமல் தலையிலேயே தங்கிவிடும். அந்த மாதங்களில் கூந்தல் அடர்த்தியாக இருந்ததாகப் பல பெண்கள் சொல்வது இதனால்தான். குழந்தை பிறந்து ஹார்மோன் இறங்கியதும், அப்படித் தங்கியிருந்த முடிகள் ஒன்றாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாகவே விழத் தொடங்கும். சீப்பிலும் குளியலறையிலும் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும், எனக்குத் தெரியும். ஆனால் வேர்க்கால் சாகவில்லை. விழுந்த முடியின் இடத்தில் புதிது முளைத்து வரும். நெற்றியோரத்தைக் கண்ணாடியில் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், குட்டிக் குட்டியாக முடி நிமிர்ந்து நிற்கலாம். பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பழைய அடர்த்தி திரும்பிவிடும். இந்த நேரத்தில் ஊசி போட்டால், தானாக வரவிருந்த முடிக்கான பெயரை ஊசி தட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

அவர் செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் எனும் இரும்புச் சேமிப்பு, தைராய்டு. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு தடுமாறும், அதுவும் முடியைக் கொட்டவைக்கும். ஒரு வருடம் தாண்டியும் கொட்டல் நிற்காவிட்டாலோ, வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, அப்போது தோல் மருத்துவரைப் பார்க்கட்டும்.

இனி நீங்கள். ஒரே அறையில், ஒரே நாளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரணங்களால் முடி உதிரும் இரண்டு பேருக்கு ஒரே ஊசியைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். முடி உதிர்தல் என்பது நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. காய்ச்சலுக்கு டைபாய்டா, டெங்குவா, மலேரியாவா என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதை யாரும் ஏற்பதில்லை. தலைமுடி என்று வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் பல முறை பிஆர்பி போட்டும் உச்சியில் முடி குறைந்துகொண்டே போனது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்தேன். முடி இல்லாத இடத்தில் மயிர்க்கால்களின் வாயே தெரியவில்லை, வழவழவென்று இருந்தது. ஓரத்து முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்பும் செதிலும். தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்ததில் லைக்கன் பிளானோபைலாரிஸ் என்று வந்தது. நோய் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலைத் தாக்கித் தழும்பாக்கும் நோய் அது. தழும்பான இடத்தில் எந்த ஊசியாலும் முடி முளைக்காது. முதல் மாதத்திலேயே வீக்கத்தை அடக்கும் மருந்து கொடுத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ முடி மிஞ்சியிருக்கும். ஊசி அவருக்கு நேரடியாகக் கெடுதல் செய்யவில்லை. ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. எனக்கு இன்றும் அவர் முகம் மறக்கவில்லை.

உங்கள் விவரத்தைப் பார்த்தால், அதாவது நெற்றியின் இரு ஓரமும் உச்சியும், மெதுவான போக்கு, அப்பாவின் வழுக்கை என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. ஒரு தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப்பில் பார்க்கட்டும். ஒரே இடத்தில் தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்து நின்றால் அது பரம்பரை வழுக்கையின் அடையாளம். ஐந்து நிமிட வேலை.

அந்த வழுக்கையில் நடப்பது இது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாகவே டிஹெச்டியைத் தாங்க முடியாத மயிர்க்கால்கள் நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும். பின்தலையில் உள்ளவை தாங்கிக்கொள்ளும், அதனால்தான் முழு வழுக்கையிலும் பின்னால் ஒரு வளையம் மிஞ்சுகிறது. தலைமுடி ஒன்று சாதாரணமாக 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து விழும், அதே குழியிலிருந்து அடுத்தது கிளம்பும். டிஹெச்டி பட்ட மயிர்க்காலில் இந்த வளர்ச்சிக் காலம் சுற்றுக்குச் சுற்று குறுகும், குழியும் சிறுத்துப்போகும். தடித்த கறுப்பு முடி நூலாகும், நூல் பூனை முடியாகும், ஒரு கட்டத்தில் வெளியே வருவதே நின்றுவிடும். பூனை முடி அளவுக்குச் சிறுத்ததைக் கொஞ்சம் மீட்கலாம். பல வருடமாகப் பளபளவென்று மொட்டையான இடத்தை மீட்க மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை.

பிஆர்பி இதில் எங்கே வருகிறது? கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க ஒரு திரவம் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் கனமானவை, அடியில் தங்கும். மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், அடர்த்தியாக உள்ள பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, மெல்லிய ஊசியால் உச்சந்தலையில் நெருக்கமாகப் போடுவார்கள். நம் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். நல்ல பிஆர்பியில் அது மூன்று முதல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைப்பதோடு தட்டணுக்களின் வேலை முடிந்துவிடுவதில்லை. அவற்றுக்குள் இருக்கும் நுண்பைகளிலிருந்து வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்கள் வெளியேறும். புதிய ரத்தநாளங்களையும் செல்பெருக்கத்தையும் தூண்டி, புண்ணை ஆற்றும் புரதங்கள் அவை. ஆய்வகத்தில் முடியின் வேர்ச்செல்கள் மீது இந்தப் பிளாஸ்மாவை விட்டால் அவை பெருகுகின்றன. தலையிலும் அப்படி வேலை செய்து, ஓய்வில் கிடக்கும் முடியை வளர்ச்சி நிலைக்குத் தள்ளும் என்பதுதான் எதிர்பார்ப்பு. வாய்முகச் சீரமைப்பு அறுவையிலும் விளையாட்டு மருத்துவத்திலும் முதலில் பயன்பட்டு, பிறகுதான் தலைமுடிக்கு வந்தது.

எதிர்பார்ப்பு வேறு, பலன் வேறு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 ஆண்களுக்குத் தலையின் ஒரு பாதியில் பிஆர்பியும் மறுபாதியில் வெறும் உப்புநீரும் மூன்று முறை போட்டார்கள். பிஆர்பி போட்ட பக்கத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 45.9 முடி கூடியது. நல்ல பலன்தான். இந்த ஒரு எண்ணைத்தான் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். 2016-ல் 26 பெண்களுக்கு ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்த ஆய்வில், போலி ஊசியோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2020-ல் 35 பேரிடம் நடந்த ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரே ஆளின் தலையில் குறித்த ஒரு சதுரத்தில் பிஆர்பி, இன்னொரு சதுரத்தில் உப்புநீர். முடிவில் பிஆர்பி சதுரத்திலும் முடி கூடியிருந்தது, உப்புநீர் சதுரத்திலும் கூடியிருந்தது. இரண்டுக்கும் நடுவே உறுதியாகச் சொல்லும்படி வேறுபாடு இல்லை. ஊசிமுனை குத்திய காயமே கொஞ்சம் தூண்டுதல் கொடுத்ததா, ஒரு பக்கத்து மருந்து மறுபக்கம் பரவியதா என்று இதற்குப் பல விளக்கம் சொல்லலாம். அதற்குள் நான் போகவில்லை. உப்புநீரோடு வைத்துப் பார்க்காத எந்த ‘முன்பு, பின்பு’ படத்தையும் நம்பி முடிவெடுக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணம் எளிதில் புரியும். பிஆர்பி என்பது ஒரே பொருள் அல்ல. ஒருவர் ஒரு முறை சுழற்றுவார், இன்னொருவர் இரண்டு முறை. ஒருவர் வெள்ளையணுக்களைச் சேர்த்துக்கொள்வார், இன்னொருவர் நீக்குவார். ஒருவருடைய குழாயில் தட்டணு ஐந்து மடங்கு, இன்னொருவருடையதில் பெயருக்குத்தான் பிளாஸ்மா. மாத்திரையில் 1 மி.கி. என்று அச்சடித்திருந்தால் எங்கே வாங்கினாலும் 1 மி.கி.தான். இங்கே அந்த உறுதி கிடையாது. தலைமுடிக்கான சிகிச்சை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதி கொடுத்ததும் இல்லை. அங்கே பிஆர்பி கருவிகள் அனுமதி பெற்றது எலும்பு ஒட்டுப் பொருளோடு கலப்பது போன்ற வேலைக்கு.

இத்தனையும் சொன்ன பிறகும் நான் சிலருக்கு பிஆர்பி போடுகிறேன். அதை மறைத்தால் நேர்மையாகாது. ஆரம்ப நிலையில், முடி மெலிந்திருந்தாலும் மயிர்க்கால் உயிரோடிருப்பவர்களில் சிலருக்கு அடர்த்தி கூடுவதைப் பார்த்திருக்கிறேன், சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்தோடு கூடுதலாகத்தான் போடுகிறேன், மருந்துக்குப் பதிலாகப் போடுவதில்லை. காரணம் ஒன்றுதான். வளர்ச்சிக் காரணிகள் மயிர்க்காலைத் தூண்டலாம், டிஹெச்டியை அவை தொடுவதே இல்லை. கரையான் அரிக்கும் மரத்துக்கு உரம் மட்டும் போட்டால் நாலு இலை துளிர்க்கும், கரையான் தன் வேலையை நிறுத்தாது. அந்த 2015 ஆய்விலும் பிறகு தொடர்ந்து கவனித்ததில், ஒரு வருடம் கழித்து நான்கு பேருக்கு மறுபடியும் உதிர ஆரம்பித்தது. எட்டு முறையோடு முடிந்துவிடும் என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு. வழக்கமாக மாதம் ஒன்றாக மூன்று முறை போட்டு, பலன் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தொடர வேண்டும். மூன்று முறைக்குப் பிறகும் ஒன்றும் தெரியாவிட்டால் நான்காவது எதற்கு? எட்டுக்கும் முன்பணம் கட்டியவரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

‘உங்கள் ரத்தம், அதனால் பக்கவிளைவே இல்லை’ என்பதில் பாதிதான் உண்மை. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகக் குறைவு, சரி. ஆனால் போடும்போது நன்றாக வலிக்கும். ஓரிரு நாள் தலை கனமாக, வீக்கமாக இருக்கலாம், நெற்றி வரைக்கும் வீக்கம் இறங்கலாம். சிலருக்குச் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டும். தட்டணு குறைவாக உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தலைத்தோலில் தொற்று உள்ளவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே சுத்தம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இதே பிளாஸ்மா சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018-ல் அந்த இடம் மூடப்பட்டது, 2024-ல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசி அதன் விசாரணை முடிவை வெளியிட்டது. ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால், குழாயில் பெயர் மாறிப்போனால், ‘என் ரத்தம்தானே’ என்ற நம்பிக்கை அங்கேயே முடிந்தது. ஊசியும் குழாயும் உங்கள் கண்முன்னால் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும், உங்கள் குழாயில் உங்கள் பெயர் எழுதப்பட வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது ஃபினாஸ்டரைடு. உங்கள் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இந்த மாத்திரை 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுத்து, ரத்தத்தில் டிஹெச்டியை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது. கரையானைத் தொடும் மருந்து இது. 1 மி.கி. அளவில் வழுக்கைக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வுகளில், இரண்டு வருடம் சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சந்தலையின் முடி எண்ணிக்கை குறையவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. பிஆர்பி ஆய்வுகளில் இருந்த 20, 26, 35 என்ற எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பக்கவிளைவு உண்டா? உண்டு. ஆசை குறைதல், விறைப்புக் குறைவு, விந்து வெளியேற்றத்தில் மாற்றம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, அந்த ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் வந்தது. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். சிலர் நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதை நான் கேட்கிறேன், கற்பனை என்று சொல்லி அனுப்புவதில்லை. மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிசெய்தது. உங்களுக்கு முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அப்போது இந்த மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. சாப்பிடும்போது மனம் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். திருமணம் ஆகப்போகிறவர் என்பதால் இன்னும் இரண்டு: சிலருக்கு விந்தின் தரம் குறையலாம், நிறுத்தினால் மீளும், ஆகவே குழந்தைக்கு முயலும்போது மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கர்ப்பமான பெண் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும். இவ்வளவும் தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது நியாயமான முடிவு. மாத்திரை வேண்டாம் என்பதாலேயே பிஆர்பி அதற்கு ஈடாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மாத்திரை வேண்டாம் என்றால் மினாக்சிடில் இருக்கிறது. முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைக் கவனித்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 5 சதவீதக் கரைசலையோ நுரையையோ தினமும் தடவ வேண்டும். முதல் சில வாரங்களில் கொட்டல் அதிகமாகும், பழைய மெலிந்த முடியைத் தள்ளிக்கொண்டு புதியது கிளம்புவதால் வரும் கொட்டல் அது. இங்கே பயந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். விட்டால் சில மாதங்களில் பலன் போய்விடும். இதுவும் டிஹெச்டியைத் தொடாது, ஆனாலும் பலன் உறுதியாகத் தெரிந்த மருந்து, நீங்களே வீட்டில் தடவிக்கொள்ளலாம். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

திருமணத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது. முடி மாதத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இன்றைக்கே சரியான மருந்தை ஆரம்பித்தாலும், அதற்குள் நீங்கள் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது உதிர்வு குறைவதும் உச்சியில் கொஞ்சம் தடிமன் கூடுவதும்தான். ஏறிய நெற்றி இறங்கி வராது, பிஆர்பியிலும் வராது. மினாக்சிடில் ஆரம்பிப்பதாக இருந்தால் இந்த மாதமே ஆரம்பியுங்கள், ஆரம்பக் கொட்டல் திருமண வாரத்தில் வந்து நிற்க வேண்டாம். நல்ல வெட்டு ஒன்று போட்டுக்கொண்டாலே தலை அடர்த்தியாகத் தெரியும், அதை ஒரு முடிதிருத்துபவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். முடி மாற்று அறுவை பற்றி இப்போது யோசிக்காதீர்கள். உதிர்வு நிலைப்படுமுன் செய்தால், நட்ட முடி நிற்கும், சுற்றியிருந்தது போய்விடும்.

நாளை காலை ஒரு வேலை செய்யுங்கள். தலை நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஜன்னல் ஓரம் ஒரே இடத்தில் நின்று, நெற்றி, இரண்டு ஓரம், உச்சி என்று நான்கு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே வெளிச்சத்தில், அதே முடி நீளத்தில் மறுபடி எடுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று தினமும் கண்ணாடியைக் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வரும். அந்தப் படங்களோடு ஒரு தோல் மருத்துவரிடம் போய், முதலில் இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். பரம்பரை வழுக்கைதான் என்று உறுதியாகி, ஆறு மாதம் மருந்தும் தொடர்ந்து, அதற்கு மேலும் கொஞ்சம் முயன்று பார்க்க மனமும் பணமும் இருந்தால், மூன்று முறை பிஆர்பி போட்டுப் பாருங்கள், நான் தடுக்க மாட்டேன். எட்டு முறைக்கான பணத்தை இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். கட்டிவிட்டிருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு போய் நேராகவே திருப்பிக் கேளுங்கள், அக்காவுடையதையும் சேர்த்து.